சுட்டுவிரலின் வேலை

ஜப்பான் ரயில்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட பயணக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. நொடி பிசகாமல் வந்து நிற்கும் வண்டி, பளிச்சென்ற பெட்டி, தள்ளுமுள்ளு இல்லாத வரிசை என்று வியந்துவிட்டு, கடைசியில் பெரும்பாலும் இரண்டில் ஒரு காரணத்துக்கு வந்து சேர்வார்கள். அவர்களிடம் உயர்தர இயந்திரம் இருக்கிறது என்பார்கள். இல்லாவிட்டால், அவர்கள் பிறவியிலேயே ஒழுக்கமானவர்கள் என்பார்கள். டோக்கியோவில் ஏறி மேற்கே ஒசாகா வரை போய், அங்கே புறநகர் வண்டிக்கு மாறி அமகசாகி என்ற தொழில் நகரத்தில் இறங்கினால், இந்த இரண்டு காரணங்களும் போதவில்லை என்பது வழிநெடுகத் தெரிந்துகொண்டே வரும். இயந்திரம் உண்மைதான். ஒழுங்கும் உண்மைதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. மனிதக் கவனத்தை ஒரு நற்குணமாகப் பார்க்காமல், பழுதாகக்கூடிய ஒரு கருவியாகப் பார்த்து, அதற்கென்று செய்முறையும் பயிற்சியும் நேரமும் ஒதுக்கியிருக்கிறார்கள். அப்படி ஒதுக்கிய இடங்களில் ரயில் பத்திரமாக ஓடியிருக்கிறது. ஒதுக்கத் தவறிய இடத்தில் ஒரே காலைப்பொழுதில் 107 பேர் இறந்திருக்கிறார்கள்.

டோக்கியோவின் புறநகர் ரயில்களில் முதல் பெட்டியின் முன்பக்கம் கண்ணாடிச் சுவர். டிரைவர் அறைக்குப் பின்னால் நின்றால் அவர் தோளுக்கு மேலாக எதிரே விரியும் தண்டவாளம் தெரியும். குழந்தைகள் அந்தக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். அங்கிருந்து பார்க்க வேண்டியது டிரைவரின் கையை. வெள்ளைக் கையுறை போட்டிருப்பார். எதிரே பலகையில் குடைந்த பள்ளத்தில் ஒரு பாக்கெட் கடிகாரம் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் அன்றைய ஓட்டத்தின் கால அட்டவணை, நிமிடத்தோடு நொடியும் போட்டு. புறப்பாட்டு சிக்னல் பச்சைக்கு மாறியதும் கை முழுதாக நீளும், சுட்டுவிரல் சிக்னலைக் குறிவைக்கும், வாய் ‘ஷுப்பட்சு ஷின்கோ’ என்று சொல்லும்: புறப்பாட்டு சிக்னல், போகலாம். பிறகு விரல் அட்டவணையில் அடுத்த நிலையத்தின் வரிக்கு வரும், அங்கிருந்து கடிகாரத்துக்குப் போகும். அறையில் அவரைத் தவிர ஆள் கிடையாது, கேட்க ஒருவரும் இல்லை. வண்டியின் கடைசியில் கார்டும் இதையே செய்கிறார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பிளாட்பாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரலால் கோடு இழுப்பதுபோல் காட்டி, கதவு விளக்கு அணைந்ததைச் சுட்டி, ‘யோஷி’, சரி என்று சொன்ன பிறகுதான் டிரைவருக்கு மணி கொடுக்கிறார். ஒரு ஷிஃப்டில் இது எத்தனை தடவை நடக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அலுப்பாக இருக்கும். அலுப்பான இடத்தில்தான் தவறு நுழைகிறது என்பதால்தான் இந்த ஏற்பாடே.

இந்தப் பழக்கத்துக்கு ‘ஷிசா கன்கோ’ என்று பெயர். சுட்டிக்காட்டி, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நீராவி என்ஜின் காலத்தில், டிரைவரும் பக்கத்தில் நின்று கரி அள்ளிப் போடுபவரும் சிக்னலை ஒருவருக்கொருவர் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டதில் தொடங்கியது. 1913-இல் வெளியான என்ஜின் ஊழியர் கையேட்டிலேயே அது விதியாக இருக்கிறது. விரல் பின்னால் சேர்ந்தது. 1973-இல் ஜப்பானின் தொழில் பாதுகாப்புச் சங்கம் ‘விபத்தே இல்லாத பணியிடம்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது, இந்த வழக்கம் ரயிலைத் தாண்டி ஆலைகளுக்கும் கட்டடப் பணியிடங்களுக்கும் பரவியது. பலன் தருகிறதா என்று அளந்தும் பார்த்தார்கள். 1990-களின் நடுவில் ஜப்பானின் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனையில், சுட்டாமலும் சொல்லாமலும் எளிய வேலை ஒன்றைச் செய்தவர்கள் நூற்றுக்கு 2.38 தடவை பிழை செய்தார்கள். சுட்டிச் சொல்லிச் செய்தபோது அது 0.38 ஆகக் குறைந்தது. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைக்குப் போனபின் ‘பூட்டினோமா?’ என்று திரும்பி வருகிறோம். கை பூட்டியிருக்கிறது, மனம் அங்கே இருந்ததில்லை. பழகிய வேலையில் கண் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல், எப்போதும் இருப்பதையே இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. கை நீளும்போது கண் அதன் பின்னால் போயாக வேண்டும். வாய் ‘பச்சை’ என்று சொல்ல மனம் ஒரு கணம் நின்று பச்சையைத் தேட வேண்டும். சொன்னது காதிலும் விழுகிறது. ஒரே செய்தி மூன்று வாசல் வழியாக உள்ளே வருகிறது.

டோக்கியோ நிலையத்தில் வடக்கே போகும் ஷின்கான்சென் அதிவேக ரயில்களின் பிளாட்பாரங்களில் இன்னொரு வகையான வேலை நடப்பதைப் பார்க்கலாம். உள்ளே வந்த வண்டி 12 நிமிடத்தில் திரும்பப் புறப்பட வேண்டும். பயணிகள் இறங்கவும் ஏறவும் போக, சுத்தம் செய்ய மிஞ்சுவது 7 நிமிடம். பொதுவாகப் பெட்டிக்கு ஒருவர், ஏறக்குறைய 100 இருக்கைகள். குப்பையை எடுத்து, இருக்கைகளைப் போகும் திசைக்குத் திருப்பி, ஒவ்வொரு மேசையையும் துடைத்து, மேலே சாமான் தட்டில் யாராவது எதையாவது விட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்த்து, இறங்கி வரிசையாக நின்று வணங்கிவிட்டுப் போகிறார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளி பாடமாக வைத்த அளவுக்கு இந்த ஏழு நிமிடம் உலகப் புகழ் பெற்றுவிட்டது. வேகத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும் விதம். எதற்குப் பிறகு எது, எதை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்பது முன்பே முடிவாகியிருக்கிறது. செய்பவர் தன் கவனத்தை ‘அடுத்து என்ன’ என்பதில் செலவழிக்க வேண்டியதில்லை. எதிரில் இருக்கும் இருக்கையில் மட்டும் செலவழிக்கலாம். துப்புரவு வேலையை யார் வேண்டுமானாலும் எப்படியும் செய்யலாம் என்று நினைக்கும் ஊர்களில் இந்தச் சிந்தனையே நடந்ததில்லை என்பதுதான் வேறுபாடு. அங்கே இருப்பவர்கள் கூடுதல் சுறுசுறுப்பானவர்கள் என்பதல்ல.

மேற்கே போகும் டோகைடோ ஷின்கான்சென் 1964 அக்டோபர் 1 அன்று ஓடத் தொடங்கியது. டோக்கியோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் இடையே 515 கிலோமீட்டர். அன்று 4 மணி நேரம், இன்று நொசோமி என்ற விரைவு வண்டியில் சுமார் இரண்டரை மணி நேரம். அதிகபட்ச வேகம் மணிக்கு 285 கிலோமீட்டர். இந்த வேகத்தில் தண்டவாளத்தோரம் நிற்கும் சிக்னலை மனிதக் கண் படிக்க முடியாது என்பதால், முதல் நாளிலிருந்தே சிக்னல் டிரைவரின் அறைக்குள்ளேயே வந்துவிட்டது. அனுமதிக்கப்பட்ட வேகத்தைத் தாண்டினால் வண்டி தானாகவே பிரேக் பிடிக்கும். அறுபது ஆண்டுகளாகத் தடம்புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட இறக்காததற்கு இந்தத் தானியங்கிக் கட்டுப்பாடும், லெவல் கிராசிங் கேட்டே இல்லாத தனிப்பாதையும் பெரிய காரணங்கள். அப்படியென்றால் விரலுக்கு அங்கே என்ன வேலை? ஃபுஜி மலையை வலப்பக்கம் விட்டுவிட்டு வண்டி பறந்துகொண்டிருக்கும்போதும், டிரைவர் ஒவ்வொரு நிலையத்தைக் கடக்கும்போதும் அட்டவணையையும் கடிகாரத்தையும் சுட்டிச் சொல்லிக்கொண்டுதான் போகிறார். இதைப் பழைய சம்பிரதாயத்தின் மிச்சம் என்று நினைப்பவர்கள் அதே பாதையில் இருக்கும் மிஷிமா நிலையத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 1995 டிசம்பர் 27 அன்று, மூடும் கதவில் ஒரு மாணவரின் விரல் சிக்கியது. விரல் அளவு இடைவெளியைக் கருவியால் உணர முடியவில்லை. கதவு மூடிவிட்டது என்றே விளக்கு காட்டியது. வண்டி நகர்ந்தது, மாணவர் இழுபட்டு இறந்தார். உலகம் போற்றும் பாதுகாப்பு வரலாற்றில் இந்த ஒரு மரணம் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. வர வேண்டும். ‘எல்லாம் சரி’ என்று இயந்திரம் சொல்வதற்கும் எல்லாம் சரியாக இருப்பதற்கும் நடுவே ஒரு விரல் கன அளவு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் மனிதக் கண் இருந்தாக வேண்டும்.

‘இதெல்லாம் ஜப்பானியர்களுக்குச் சரி, அவர்கள் பண்பாடு அப்படி’ என்பது முதலில் எழும் மறுப்பு. வரலாறு இதற்கு இடம் தரவில்லை. 1850-களின் இறுதியில் நாகசாகியில் கடற்படைப் பயிற்சி கொடுக்க வந்த டச்சு அதிகாரி கட்டென்டைக்கெ, ஜப்பானியர்கள் நேரத்துக்கு எதையும் செய்வதில்லை என்று தன் நாட்குறிப்பில் சலித்துக்கொண்டார். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோதும் அங்கே ரயில்கள் அரைமணி நேரம் தாமதமாக வருவது வியப்புக்குரிய செய்தியாக இருக்கவில்லை. நேர ஒழுங்கு அவர்களின் ரத்தத்தில் ஊறியதல்ல. பள்ளி மணியும் ஆலைச் சங்கும் ரயில் அட்டவணையும் இரண்டு மூன்று தலைமுறைகளில் உண்டாக்கியது. அடுத்ததாக, வேறு மண்ணிலும் இது வேர் பிடித்திருக்கிறது. நியூயார்க் சுரங்க ரயிலில், வண்டி நின்றதும் கதவைத் திறக்கும் முன், கார்டு தன் ஜன்னலுக்கு நேரே தொங்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைப் பலகையை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். அந்தப் பலகை தனக்கு நேரே இருந்தால் வண்டி முழுவதும் பிளாட்பாரத்துக்குள் இருக்கிறது என்று பொருள். ஜப்பானில் பார்த்த வழக்கத்தை ஒட்டி 1996-இல் இதைக் கட்டாயமாக்கினார்கள். இரண்டே ஆண்டுகளில் தவறான இடத்தில் வண்டியை நிறுத்தும் நிகழ்வுகள் பாதிக்கும் மேல் குறைந்தன. நியூயார்க் ஊழியர் யாரும் ஜப்பானியப் பண்பாட்டில் வளர்ந்தவர் அல்ல. அவருக்குச் சுட்ட ஒரு பலகையும், சுட்டினாரா என்று கேட்க ஒரு விதியும் இருந்தன, அவ்வளவுதான். வெட்கம் ஒரு தடைதான். தனியாக நின்று விரலை நீட்டிப் பேசிக்கொள்வது பார்ப்பவருக்கு விசித்திரமாகத் தெரியும். எல்லோரும் செய்கிற இடத்தில் அந்த வெட்கம் தானாகக் கரைந்துவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. எந்தச் சடங்கும் நாளடைவில் வெறும் சடங்காகிவிடும். ஆயிரம் தடவை பச்சையைச் சுட்டிய விரல், ஆயிரத்தோராவது தடவை சிவப்பையும் பச்சை என்றே சுட்டிவிடாதா? சுட்டும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அரை நூற்றாண்டாக இந்த வழக்கம் இருந்த நாட்டில்தான் 1962 மே 3 அன்று, டோக்கியோவின் மிகவாஷிமாவில் ஒரு சரக்கு வண்டி சிவப்பு சிக்னலைத் தாண்டித் தடம்புரண்டது. அதன்மீது ஒரு பயணிகள் ரயில் மோதியது. உள்ளே இருந்தவர்கள் இறங்கித் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்தபோது, எதிரே வந்த இன்னொரு வண்டியை யாரும் நிறுத்தவில்லை. 160 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், 1966-க்குள், தேசிய ரயில்வே முழுவதும் தானாக நிறுத்தும் கருவியைப் பொருத்தினார்கள். விரல் மட்டும் போதும் என்று ஜப்பானே நம்பவில்லை. ஆனால் அந்தக் கருவி என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிவப்பை நெருங்கும்போது அறையில் மணி அடிக்கும். ஐந்து நொடிக்குள் டிரைவர் ‘பார்த்துவிட்டேன்’ என்று ஒரு பொத்தானை அழுத்தினால் தானியங்கி பிரேக் விலகிக்கொள்ளும். நெருக்கடியான பாதைகளில் இந்த மணி நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது, கையும் நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருந்தது. 1988 டிசம்பரில் டோக்கியோவின் ஹிகாஷி-நகானோவில் நின்றுகொண்டிருந்த வண்டியின்மீது பின்னால் வந்தது மோதியபோது, அந்தப் பொத்தானின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்துபோனது. சடங்காகும் நோய் விரலுக்கு மட்டும் உரியதல்ல, இயந்திரத்தின் ஒப்புதல் பொத்தானுக்கும் அது உண்டு. சொல்லப்போனால் பொத்தானுக்கே அதிகம். அழுத்துவதற்கு எதையும் பார்க்க வேண்டியதில்லை. நிலைமையைப் பெயர் சொல்லி அறிவிக்கும் கடமையாவது ஒருவரைப் பார்க்க வைக்கிறது. ஆகவே விரலா இயந்திரமா என்று கேட்பது சரியல்ல. ஒன்று தவறும் இடத்தில் இன்னொன்று நிற்கும்படி இரண்டையும் அடுக்கியிருக்கிறோமா என்பதே கேட்க வேண்டியது.

ஒசாகா நிலையத்திலிருந்து கோபே பக்கம் போகும் வண்டியில் ஏறினால் சில நிமிடங்களில் அமகசாகி. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், தண்டவாள வளைவை ஒட்டி, ஒன்பது மாடிக் குடியிருப்பாக இருந்த கட்டடத்தின் கீழ்ப்பகுதி மட்டும் நான்கு மாடி உயரத்துக்கு ஒரு கூரையின்கீழ் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 2018-இல் நினைவிடமாகத் திறந்தார்கள். 2005 ஏப்ரல் 25 காலை 9.18-க்கு, ஏழு பெட்டி கொண்ட ஒரு புறநகர் வண்டி மணிக்கு 70 கிலோமீட்டரில் கடக்க வேண்டிய இந்த வளைவுக்குள் சுமார் 116 கிலோமீட்டரில் நுழைந்து, தடம் விலகி, இந்தக் கட்டடத்தில் மோதியது. 106 பயணிகளும் 23 வயதான டிரைவரும் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் 562 பேர். இந்த டிரைவருக்கும் சுட்டிச் சொல்லும் பயிற்சி இருந்தது. நாட்டின் மிகச் சிறந்த நேர ஒழுங்கும் இருந்தது. அந்த நேர ஒழுங்கே அவரை நெருக்கிக்கொண்டிருந்தது. முந்தைய நிலையமான இடாமியில் வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி சுமார் 72 மீட்டர் போய் நின்றது. பின்னால் எடுத்து நிறுத்தியதில் ஒன்றரை நிமிடத்துக்கு நெருக்கமான தாமதம். போட்டி நிறுவனத்தின் ரயிலை முந்துவதற்காக ஓட்ட நேரத்தைக் கத்தரித்துக் கத்தரித்து, இழந்த நொடிகளை மீட்க அட்டவணையில் இடமே இல்லாமல் செய்திருந்தார்கள். தவறு செய்த டிரைவர்களுக்கு அவர் வேலை பார்த்த நிறுவனத்தில் ‘மறுபயிற்சி’ என்று ஒன்று இருந்தது. ஓட்டும் பயிற்சி அதில் கொஞ்சம். அறிக்கை எழுதுவது, திட்டு வாங்குவது, மற்றவர் முன்னால் குறுகி நிற்பது அதிகம். இந்த இளைஞர் அதற்கு முந்தைய ஆண்டு ஒரு நிலையத்தைத் தாண்டியதற்காக 13 நாள் அதை அனுபவித்தவர்.

விசாரணைக் குழு 2007-இல் கொடுத்த அறிக்கை இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு மையமானது. இடாமியை விட்டுப் புறப்பட்டதும் டிரைவர் உள்பேசியில் கார்டைக் கூப்பிட்டு, தாண்டிய தூரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லும்படி கெஞ்சினார். கார்டு கன்ட்ரோல் ரூமுக்கு ரேடியோவில் ‘8 மீட்டர்’ என்று சொன்னார். அந்த உரையாடலை டிரைவர் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும், அதனால் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்கத் தாமதமானது என்பது குழுவின் முடிவு. அவர் கவனம் இல்லாதவராக இருக்கவில்லை. கவனம் முழுக்க இருந்தது. வளைவின்மீது இருக்க வேண்டியது தண்டனையின்மீது இருந்தது. ‘கவனமாக இரு’ என்று மிரட்டுகிறவர்கள் இதை ஆழமாக யோசிக்க வேண்டும். ஒரு நேரத்தில் மனம் ஒன்றைத்தான் முழுமையாகப் பிடிக்கும், அச்சம் மற்ற எல்லாவற்றையும்விட வலுவாக அதைப் பற்றி இழுக்கும். நொடிக்கணக்கில் தண்டிக்கும் நிர்வாகம் கவனத்தை வளர்ப்பதில்லை, திருடிக்கொள்கிறது. அதே வளைவில் வேகத்தைக் கண்காணித்துத் தானாகக் குறைக்கும் புதிய கருவி அன்றுவரை பொருத்தப்படவில்லை. 55 நாள் கழித்துப் பாதையைத் திறந்தபோது அது இருந்தது. ஓட்ட நேரத்தையும் பின்னால் தளர்த்தினார்கள். ஜப்பானின் நேர ஒழுங்கை மெச்சுகிற பயணக் கட்டுரைகள் ஒசாகாவோடு முடிந்துவிடுகின்றன. இந்த வளைவு வரை வராமல் அந்த மெச்சலுக்குப் பொருள் கிடையாது.

இன்னும் மேற்கே, கோபே நகரத்தில், போர்ட் லைனர் என்ற ரயில் 1981-இலிருந்தே டிரைவர் இல்லாமல் ஓடுகிறது. டோக்கியோ விரிகுடாவில் யுரிகமோமே 1995-இலிருந்து. எல்லா ரயிலும் இப்படி ஆகிவிட்டால் மனிதக் கவனத்தைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்கலாம். வெறுங்கேள்வி அல்ல, வயதானோர் பெருகி ஆள் கிடைக்காத நாட்டில் டிரைவரைக் குறைப்பது கட்டாயமாகிவருகிறது. ஆனால் டிரைவர் போனால் கவனத்தின் தேவை போவதில்லை, இடம் மாறுகிறது: பணிமனைக்கும் கன்ட்ரோல் ரூமுக்கும். 2017 டிசம்பர் 11 அன்று, மேற்கே ஹகாட்டாவில் கிளம்பி டோக்கியோவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு நொசோமி வண்டியில் தீய்ந்த நாற்றமும் உறுமல் சத்தமும் இருப்பதை ஊழியர்கள் உணர்ந்தார்கள். வழியில் ஒகயாமாவில் பராமரிப்பு ஊழியர்கள் ஏறினார்கள். அடிப்பாகத்தைப் பார்த்தால் நல்லது என்று அவர்களில் ஒருவர் தொலைபேசியில் சொன்ன நேரத்தில், கன்ட்ரோல் ரூமில் இருந்தவர் மேலதிகாரி எதையோ கேட்டதற்குப் பதில் சொல்ல ரிசீவரைக் காதிலிருந்து விலக்கியிருந்தார். சொன்னது காதில் விழவே இல்லை. அவர்கள் பார்க்கச் சொல்வார்கள் என்று இவரும், இவர் முடிவெடுப்பார் என்று அவர்களும் இருந்துவிட, வண்டி ஷின்-ஒசாகாவையும் தாண்டி நகோயா வரை ஓடியது. அங்கே குனிந்து பார்த்தபோது சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் 14 சென்டிமீட்டர் நீள விரிசல். முழுவதும் முறிய 3 சென்டிமீட்டர்தான் பாக்கி. அந்தச் சட்டத்தைத் தயாரித்தபோதே ஆலையில் இரும்பை அளவுக்கு மேல் தேய்த்து மெல்லியதாக்கியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. இந்தச் சங்கிலியில் எங்கும் சிக்னல் தவறவில்லை, டிரைவர் தவறவில்லை. ஆலையில் ஒரு கை, போனில் ஒரு காது. கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தும் பழைய ‘சொல், மறுசொல்’ விதி, 1913-இன் விதி, அந்தத் தொலைபேசியில் நடந்திருந்தால் வண்டி முன்பே நின்றிருக்கும்.

இந்தியாவில் இதெல்லாம் புதிது அல்ல. லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் எதிர்வரும் ஒவ்வொரு சிக்னலின் நிறத்தையும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது இந்திய ரயில்வேயின் பொது விதிகளிலேயே இருக்கிறது. கையையும் உயர்த்திக் காட்டுகிறார்கள். ஆனால் சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் 2023 ஜூன் 2 மாலை ஒடிசாவின் பாஹாநகா பஜார் நிலையத்துக்குள் நுழைந்தபோது, நேர்பாதைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. பாதையோ பக்கத்து லூப் லைனுக்குத் திருப்பப்பட்டிருந்தது. அங்கே நின்ற சரக்கு வண்டியில் மணிக்கு 128 கிலோமீட்டர் வேகத்தில் மோதி, அடுத்த தண்டவாளத்தில் போன இன்னொரு ரயிலையும் அது சிதைத்தது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். பச்சையைப் பச்சை என்றே சொன்னாலும் அன்றைக்குப் பயனில்லை. பச்சையே பொய்யாக இருந்தது. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, லெவல் கிராசிங் கேட் ஒன்றில் நடந்த பழுது வேலையையும், தண்டவாளத்தோரம் இருக்கும் சிக்னல் பெட்டியில் கம்பிகளுக்குத் தவறான பெயர் எழுதியிருந்ததையும், அது ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்ததையும் சுட்டியது.

விபத்துக்குப் பிறகு ரயில்வே வாரியம் சிக்னல் கருவிகள் இருக்கும் ரிலே அறைகளின் இரட்டைப் பூட்டு முறையைச் சோதிக்க நாடெங்கும் உத்தரவிட்டது. தேவையான உத்தரவுதான். ஆனால் பூட்டு, யார் திறக்கலாம் என்பதை மட்டுமே தீர்மானிக்கும். திறந்தவர் எந்தக் கம்பியைத் தொடுகிறார், அதன் பெயரை வரைபடத்தோடு ஒப்பிட்டு வாய்விட்டுச் சொல்கிறாரா, சொல்வதைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல இன்னொருவர் பக்கத்தில் நிற்கிறாரா, வேலை முடிந்ததும் பாயிண்ட்டைத் திருப்பி சிக்னலோடு பொருத்திப் பார்க்க எத்தனை நிமிடம் போக்குவரத்தை நிறுத்தித் தருகிறார்கள், ‘இன்னும் முடியவில்லை, வண்டியை விடாதீர்கள்’ என்று அவர் சொன்னால் அவருக்கு என்ன நடக்கும் என்பதெல்லாம் பூட்டுக்கு வெளியே இருக்கும் கேள்விகள். ஓட்டுநர் அறையில் இருக்கும் இருவருக்குக் கொடுத்த விதியை வெயிலில் சிக்னல் பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் பராமரிப்பு ஊழியருக்கும் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது, அதைச் செய்து முடிக்கும் நேரத்தையும் அட்டவணையில் சேர்த்தே கொடுக்க வேண்டும்.